முதல் சிப்பாயும் ‘சதை நிறம்’ குப்பியும்

பிளாஸ்டிக் மாடல் செய்யும் பழக்கம் உள்ளவர்களின் அலமாரியைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். டாங்கி முடிந்து நிற்கும். ஜீப் முடிந்து நிற்கும். அவற்றோடு பெட்டியில் வந்த நாலு சிப்பாய்கள் மட்டும் ஸ்ப்ரூவிலேயே தொங்கிக்கொண்டிருப்பார்கள். (ஸ்ப்ரூ என்பது, உதிரிப் பாகங்கள் கொடியில் காய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பிளாஸ்டிக் சட்டம்.) கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். “ஏன் இவங்களை விட்டுட்டீங்க?” என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: “முகம் வரைய வராதுங்க.”

டாங்கியின் சக்கரத்தில் பிசகு வந்தால் சேற்றைப் பூசி மறைத்துவிடலாம். முகத்தில் பிசகு வந்தால் அது பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தினாலேயே பலர் இந்தப் பொழுதுபோக்கின் சுவையான பாதியை விட்டுவிடுகிறார்கள். இன்னும் ஒன்று. முகத்தைக் கையில் எடுக்காதவரை, தான் செய்துகொண்டிருப்பது யாருடைய உருவம் என்ற கேள்வியும் எழுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. முதல் சிப்பாயை எப்படி ஒட்டுவது, எப்படி வண்ணம் பூசுவது என்பதும் வழியில் வரும்.

கொஞ்சம் சரித்திரம். பொம்மைச் சிப்பாய்கள் பழைய சமாச்சாரம். இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893ல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்க ஆரம்பித்த பிறகு, நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள்ளும் அவை வந்தன. விஞ்ஞானக் கதைகள் எழுதிய எச்.ஜி. வெல்ஸ் அவற்றை வைத்துத் தரையில் யுத்தம் நடத்துவதற்கென்றே 1913ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு விதிப் புத்தகம் போட்டார். பெரியவர்களும் விளையாடலாம் என்று அப்போதே அனுமதி கிடைத்துவிட்டது :-)

இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் 1/35 அளவு வந்த கதை இன்னும் வேடிக்கை. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தின் டமியா நிறுவனம் ஆரம்பத்தில் மரவேலை செய்துகொண்டிருந்தது. 1961ல் பேட்டரியில் ஓடும் ஜெர்மன் பாந்தர் டாங்கி ஒன்றைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார்கள். மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்பதால் டாங்கியின் அளவு அதற்கேற்றபடி அமைந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிஜத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். எந்தச் சாஸ்திரமும் இல்லை. 1968ல் அதே அளவில் ‘மிலிட்டரி மினியேச்சர்’ வரிசை தொடங்கியது. சிப்பாய்கள் வந்தார்கள். பின்னால் மற்ற கம்பெனிகளும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன. ஒரு பேட்டரியின் பருமன் தீர்மானித்த அளவில்தான் உலகம் முழுக்க இன்று லட்சக்கணக்கான குட்டி மனிதர்கள் நிற்கிறார்கள்.

அந்த அளவில் மனிதன் எவ்வளவு? 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 5 சென்டிமீட்டர் ஆகிறான். தலை 6 மில்லிமீட்டர் சொச்சம், ஒரு கொண்டைக்கடலை. கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கடுகை விடச் சின்னது. “முகம் வரைய வராது” என்பதன் கஷ்டம் இப்போது புரியும். அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. இவ்வளவு சின்ன கண்ணை யாரும் ‘வரைய’ முடியாது, வரையவும் வேண்டாம். அங்கே கண் இருக்கிறது என்று பார்ப்பவரை நம்ப வைத்தால் போதும். அது வேறு வேலை, அவ்வளவு கஷ்டமும் இல்லை.

சரி, எந்தப் பெட்டி? புதியவருக்கு ஏற்ற பெட்டி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1970களில் டமியா வெளியிட்ட பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்துக் காலாட்படைச் சிப்பாய்களைச் சொல்லலாம். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துப் போர் வீரர்கள். தட்டைக் கவிழ்த்த மாதிரி ஹெல்மெட், அரைக்கால் சட்டை, தோளில் துப்பாக்கி. பழைய அச்சு. இன்றைய புதிய கிட்டுகளில் நிஜ மனிதர்களுக்குச் சீருடை மாட்டி, கணினியில் முப்பரிமாணமாக ஸ்கேன் செய்து அச்சு எடுக்கிறார்கள். துணி மடிப்பு அப்படியே விழுகிறது. அவற்றோடு ஒப்பிட்டால் இந்தப் பழைய சிப்பாய்களின் முகம் மழுங்கல்தான், விரல்கள் கையுறை போட்ட மாதிரிதான். இருக்கட்டும். முதல் சிப்பாயைக் கெடுப்பதற்கு விலையுயர்ந்த கிட் எதற்கு?

ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து பிய்க்கக் கூடாது, வெட்ட வேண்டும். சின்ன கட்டிங் பிளேயர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நகவெட்டியே போதும். வெட்டியவுடன் ஒட்டாமல், சோப்புத் தண்ணீரில் ஒரு முறை கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர ஏதாவது எண்ணெய்ப் பசை தடவியிருந்தால், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது.

இரண்டாவது, அச்சுக் கோடு. இரண்டு பாதி அச்சு சேரும் இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று சிப்பாயின் காலோரம், கையோரம், சில நேரம் ஹெல்மெட்டின் நடுவிலேயே ஓடும். புதியவர்களில் பாதிப் பேருக்கு இது கண்ணிலேயே படாது. பெயிண்ட் அடித்த பிறகுதான் பளிச்சென்று தெரியும், அப்போது நேரம் கடந்திருக்கும். பிளேடின் கூர்முனையால் வெட்டாமல், முதுகுப் பக்கமாகச் சாய்த்துச் சுரண்டிவிட்டு, 400, பிறகு 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். அலுப்பான வேலைதான். ரேடியோ கேட்டுக்கொண்டே செய்யலாம்.

மூன்றாவது, பசை. கெட்டியாக ட்யூபில் வருவது சிப்பாய்களுக்கு லாயக்கில்லை. தண்ணீர் மாதிரி இருக்கும் மாடல் சிமெண்ட்தான் வேண்டும். உண்மையில் அது ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. கையைத் தோளோடு பொருத்திப் பிடித்துக்கொண்டு, இடைவெளியின் ஓரத்தில் பிரஷ் நுனியால் தொட்டால், அதுவாகவே உள்ளே ஓடிப் பரவிக்கொள்ளும். தந்துகிக் கவர்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே பயன்படுகிறது. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்க வேண்டும். (யாரும் வைப்பதில்லை. சிப்பாயின் முதுகில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தால் அது முதல் கிட் என்று அர்த்தம்.)

தோளில் இடைவெளி தெரிந்தால் புட்டி. மேலே ஒரு கோட் சாம்பல் நிறப் பிரைமர். இப்போது சிப்பாய் சிமெண்டுச் சிலை மாதிரி நிற்பான். இந்த நிலையில்தான் அவன் மிக அழகாக இருப்பான் என்பது அனுபவஸ்தர்களின் ரகசிய அபிப்பிராயம். இனிமேல் கெடுக்க மட்டும்தான் முடியும் :-)

பெயிண்டில் இரண்டு கட்சி உண்டு. ஹம்ப்ரால் எனாமல்காரர்கள் ஒரு பக்கம், தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காரர்கள் இன்னொரு பக்கம். இந்தச் சண்டைக்குள் புதியவர் தலையிட வேண்டாம். அக்ரிலிக் சீக்கிரம் காயும், நாற்றம் குறைவு, பிரஷைக் கழுவக் குழாய்த் தண்ணீர் போதும். எதை வாங்கினாலும் பாட்டிலில் இருக்கும் கெட்டியில் அடிக்கவே கூடாது. பால் பதத்துக்கு நீர்த்து, ஒரு கோட் மூடவில்லையே என்று கவலைப்படாமல், காயவிட்டு இன்னொன்று, காயவிட்டு மூன்றாவது என்று போக வேண்டும். ஏர் பிரஷ், கம்ப்ரஸர் எல்லாம் சிப்பாய்க்குத் தேவையே இல்லை. நுனி குவியும் நல்ல பிரஷ் ஒன்று போதும், அதுவும் 1ம் நம்பர். கண்ணுக்கென்று பூஜ்யத்துக்கு மேல் பூஜ்யம் போட்ட முடி மாதிரிப் பிரஷ் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். அதில் பெயிண்ட் நிற்பதே கிடையாது, முகத்தை அடைவதற்குள் காய்ந்துவிடும்.

இனி முகம்.

பல பெயிண்டர்கள் கண்ணைத்தான் முதலில் போடுகிறார்கள். நம் ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள் என்று கேள்விப்பட்டவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் ரொம்பச் சாதாரணம். கண்ணைப் போடும்போது கை நிச்சயம் வெளியே இழுத்துவிடும். இழுத்ததைத் தோல் நிறத்தால் மூடிக்கொள்ளலாம். முகம் முழுக்க முடித்துவிட்டுக் கண்ணுக்குப் போனால், ஒரு இழுப்பில் மூன்று நாள் வேலை போய்விடும். வெள்ளை விழிக்குப் பாட்டில் வெள்ளையைத் தொடக் கூடாது. துளி சாம்பலோ, துளி சந்தனமோ கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சிப்பாய் பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான். கருவிழிக்கு ஒரு புள்ளி வைப்பதை விட, மேலிருந்து கீழாக ஒரு சின்னக் கோடு இழுப்பது சுலபம். மேல், கீழ் நுனிகளை இமை நிறத்தால் மூடிவிட்டால் விழி தானாக அமைந்துவிடும். கூடவே இரண்டு கண்ணும் நேராகப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிப்பாய் பக்கவாட்டில் எதையோ பார்ப்பதாக வைத்துவிட்டால் மாறுகண் பிரச்சினை பாதி தீரும்.

அடுத்தது வெளிச்சம். ஐந்து சென்டிமீட்டர் மனிதனின் மேல் அறை விளக்கு விழுந்தால், நிஜ மனிதன் மேல் விழும் நிழல் அளவுக்கு ஆழமான நிழல் விழாது. கன்னத்துக்குக் கீழே இருக்க வேண்டிய இருட்டு அங்கே இல்லை. அதனால் அந்த இருட்டைப் பெயிண்ட்டால் போட வேண்டியிருக்கிறது. சூரியன் தலைக்கு மேலே இருப்பதாக வைத்துக்கொண்டு, கண்குழி, மூக்கின் அடி, கீழுதட்டின் அடி, தாடைக்குக் கீழே அடர்ந்த நிறம். நெற்றிப் புருவம், மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, மோவாய் நுனியில் வெளிர் நிறம். இதற்கு எண்ணெய் வண்ணம்தான் சுகம். காய நாள்கணக்கில் ஆவதால், உலர்ந்த பிரஷை வைத்து ஓரங்களை நிதானமாக ஒன்றில் ஒன்று கரைக்கலாம். அமெரிக்காவின் ஷெப்பர்டு பெயின், 1970களில் மோனோகிராம் கிட்டுகளுக்காகக் காட்சிகள் செய்து புகழ்பெற்றவர். அவருடைய வேலையில் டாங்கி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பார்ப்பவர் கண் முதலில் போவது ஆட்களிடம்தான். அதற்கு இந்த நிழல் வேலை ஒரு பெரிய காரணம்.

ஆனால் நிழலும் வெளிச்சமும் எந்த நிறத்தின் மேல்? இங்கேதான் அந்தக் குப்பி வருகிறது.

டமியாவில் எக்ஸ்எஃப்-15. ஹம்ப்ராலில் 61. இரண்டுக்கும் பெயர் ஒன்றே: ‘ஃபிளெஷ்’, அதாவது சதை நிறம். திறந்து பார்த்தால் இளஞ்சிவப்பு. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வண்ணக் குறிப்பில் முகத்துக்கும் கைக்கும் ஒரு கோடு இழுத்து அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். ஷிசுவோகாவில் உட்கார்ந்து அச்சடித்தவர்களுக்கோ, அதை வாங்கும் கோயம்புத்தூர்ப் பையனுக்கோ, யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கோ தங்கள் கையைப் பார்த்தாலே அந்த நிறம் இல்லை என்று தெரியும். இருந்தும் சதை என்றால் அதுதான் என்று எண் போட்டாயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, சந்தேகமில்லை. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு ஐரோப்பியத் தோல் நிறம் வேண்டும், கொடுத்தார்கள். ஆனால் பெயர் வைக்கும்போது ஒரு கண்டத்தின் நிறத்துக்கு மனிதகுலத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கிரேயான் செய்யும் கிரயோலா நிறுவனம் தன் ‘ஃபிளெஷ்’ கிரேயானுக்கு ‘பீச்’ என்று 1962லேயே பெயர் மாற்றிவிட்டது. மாடல் உலகம் இதில் ரொம்பச் சோம்பேறி. இப்போது பல கம்பெனிகள் பலவகைத் தோல் நிறங்களைத் தனித்தனி செட்டாக விற்பது உண்மைதான். பழைய குப்பிகளின் பெயர்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

“பெயரில் என்ன இருக்கு, கலர் மாத்திப் பூசினாப் போச்சு” என்பார்கள். பூசலாம்தான். ஆனால் எண் போட்டிருந்தால் பெரும்பாலானோர் அந்த எண்ணைத்தான் பூசுகிறார்கள். அந்தப் பாலைவனப் பெட்டியில் இது வெறும் நிறப் பிரச்சினை இல்லை, சரித்திரப் பிழை. எட்டாவது ராணுவம் பிரிட்டிஷ்காரர்களால் மட்டும் ஆனதில்லை. ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர், தென்னாப்பிரிக்கர், எல்லாரும் அதில் உண்டு. 1941 நவம்பரில் அது நடத்திய முதல் பெரிய தாக்குதலிலேயே நான்காம் இந்திய டிவிஷன் இருந்தது. 1943ல் துனீசியா வரையும் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடியும்போது இந்தியப் படையின் பலம் 25 லட்சம் பேர். அத்தனை பேரும் கட்டாயத்தில் பிடிக்கப்பட்டவர்கள் அல்ல, தாங்களாகச் சேர்ந்தவர்கள். (பஞ்சமும் வேலையில்லாத் திண்டாட்டமும் எத்தனை பேரைத் ‘தாங்களாக’ச் சேர வைத்தன என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) பாலைவனத்தில் அவர்களும் போட்டது அதே காக்கி அரைக்கால் சட்டை. தலைப்பாகை கட்டாத பலர் போட்டது அதே தட்டு ஹெல்மெட். தூக்கியது அதே லீ என்ஃபீல்டு துப்பாக்கி. அதாவது, பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு துளியும் மாற்றாமல் அந்தச் சிப்பாய் இந்தியனாக நிற்கலாம். மாற வேண்டியது குப்பி ஒன்றுதான். அரைக்கால் சட்டை என்பதால் முழங்கை, முழங்கால், கழுத்து என்று பாதி உடம்பு வெளியேதான் இருக்கிறது. அந்த ஒரு நிறம் மாறினால் ஆளே மாறிவிடுகிறான்.

சென்னை மாகாணத்துக்காரர்களும் இந்தப் போரில் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை பாலம் கட்டியது, பாதை போட்டது, கண்ணிவெடி எடுத்தது. அதில் சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர். 1944 பிப்ரவரி 24ம் தேதி, இத்தாலியில் மிக்னானோ அருகே, கண்ணிவெடி தேடிச் சென்ற குழுவில் இருந்தார். கூட வந்தவர் ஒருவரின் கால் வெடியின் மேல் பட்டுவிட்டது. வெடிக்கச் சில நொடிகள்தான். சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். எதிரியோடு நேருக்கு நேர் நிற்காத நேரத்து வீரத்துக்கு பிரிட்டிஷ் அரசு தரும் மிக உயர்ந்த பதக்கம் அது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் அவர் பெயரைப் படித்தவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான மாடல் பெட்டிகளில் அவரைப் போன்றவர்களுக்கு இடம் கிடையாது. அதனால் அவரைச் செய்ய நினைப்பவர் வேறு யாருக்காகவோ அடித்த பெட்டியைத்தான் திறக்க வேண்டும்.

பழுப்புத் தோலைப் பூசுவதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. இதைத் தெரியாமல்தான் பலர் கெடுத்துவிட்டு, “இந்தக் கலர் சரியா வராது” என்று முடிவு கட்டுகிறார்கள். இளஞ்சிவப்புத் தோலில் வெளிச்சம் காட்ட வெள்ளை கலக்கலாம். பழுப்பில் வெள்ளை கலந்தால் திருநீறு பூசின மாதிரி சாம்பல் அடித்துவிடும். பர்ன்ட் அம்பரும் பர்ன்ட் சியன்னாவும் அடி நிறம். வெளிச்சத்துக்கு மஞ்சள் ஓக்கர், கொஞ்சம் ஆரஞ்சு. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அம்பரோடு துளி ஊதா. உதடு முகத்தை விட ஒரு படி அடர்த்தி. உள்ளங்கை இரண்டு படி வெளிர். கடைசியில் மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் ஒரே ஒரு புள்ளி மட்டும் நல்ல வெளிர் நிறம், அது வியர்வைப் பளபளப்பு. இதற்கு மாதிரி தேடி இணையத்தில் அலைய வேண்டியதில்லை. மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்று முகங்களைப் பார்த்தால் போதும். (உற்றுப் பார்த்து உதை வாங்கினால் கட்டுரை பொறுப்பல்ல.)

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். புதியவர்கள் கடையில் முதலில் கையில் எடுப்பது பிரிட்டிஷ் பெட்டியும் இல்லை, இந்தியச் சிப்பாயும் இல்லை. ஜெர்மன். அலமாரியில் அதுதான் நிறைய. டமியாவின் அந்த வரிசையே ஜெர்மன் டாங்கி வீரர்களோடுதான் தொடங்கியது. காரணம் சுலபம்: சீருடைகள் பார்க்க எடுப்பாக இருக்கின்றன. குறிப்பாக எஸ்.எஸ். படையினரின் புள்ளி போட்ட உருமறைப்பு உடை, ‘பட்டாணிப் புள்ளி’ என்று அழைக்கப்படுவது. ஐந்து நிறத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். அதைக் கையால் சரியாகப் பூசி முடிப்பவருக்கு இந்த வட்டாரத்தில் பெரிய மரியாதை.

திறமைக்கு மரியாதை கொடுக்கலாம். ஆனால் அந்த உடைக்குள் இருந்தது யார் என்று பெட்டி சொல்லாது. 1944 ஜூன் 10ம் தேதி ‘தாஸ் ரைக்’ என்ற எஸ்.எஸ். டிவிஷனின் ஆட்கள் பிரான்ஸில் ஓரதூர்-சுர்-கிளான் என்ற கிராமத்துக்குள் நுழைந்து 640க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொளுத்தினார்கள். அந்தக் கிராமத்தின் இடிபாடுகளை இன்றுவரை அப்படியே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் விற்கும் கிட்டுகளில் ஸ்வஸ்திகா ஸ்டிக்கரை எடுத்துவிடுகிறார்கள், சட்டம் அப்படி. மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது.

அதற்காக ஜெர்மன் சிப்பாயைத் தொடவே கூடாது என்று சொல்வது முட்டாள்தனம். போர் என்றால் இரண்டு பக்கமும் ஆட்கள் வேண்டும். கட்டாயப் படைச் சேர்க்கையில் இழுத்துவரப்பட்ட பதினெட்டு வயதுப் பையனும் அதே சாம்பல் சட்டையில்தான் இருந்தான். ரஷ்யப் பனியில் கை விறைத்து நிற்கும் அவனைச் செய்தால், முகத்தில் பசியும் குளிரும் தெரியச் செய்யலாம். இதில் எந்தத் தப்பும் இல்லை. இடிப்பது வேறு விஷயம். மண்டையோட்டுச் சின்னம் ஜோராக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு எஸ்.எஸ். அதிகாரியை எடுத்து, மிடுக்காக நிறுத்தி, சீருடையின் பொத்தான் வரிசை சரியா என்று மாதக்கணக்கில் புத்தகம் புரட்டி, அவன் என்ன செய்தான் என்று ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் இருப்பதுதான் இடிக்கிறது. “நாங்க அரசியல் பேசறதில்லை, பிளாஸ்டிக் ஒட்டறோம்” என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். டாங்கிக்கு அது ஓரளவு பொருந்தும், இரும்புக்கு மனசாட்சி கிடையாது. முகத்துக்குப் பொருந்தாது. கன்னத்தில் நிழல் போட்டுக் கண்ணைத் திறந்துவிட்ட பிறகு அது ஒரு ஆள். ஆள் என்றால் யார் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பும் வரும்: “முதல் கிட்டுக்கு இவ்வளவு யோசனையா? சும்மா ஜாலிக்குச் செய்ய விடுங்கப்பா.” ஜாலிதான் முக்கியம், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் கிட்டிலேயே யோசிக்காவிட்டால் பிறகு யோசிப்பது கஷ்டம். ஐம்பது சிப்பாய் செய்தவருக்கு வேலை பழகிவிடும். முகம் என்பது ஒரு வரிசை முறை ஆகிவிடும்: அடி நிறம், வாஷ், ஹைலைட், அடுத்தவன். முதல் சிப்பாயைச் செய்பவர் மட்டும்தான் பதினைந்து நாள் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார். அந்தப் பதினைந்து நாளில் அவன் யார், எந்த ஊர், வயசு என்ன, எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைக்க நேரம் நிறைய இருக்கிறது. அப்படி நினைத்தால் வேலையும் சுலபமாகிறது. இரண்டு நாள் தூங்காதவன் என்று முடிவுசெய்தால் கண்ணுக்குக் கீழே என்ன நிறம் என்று தானாகத் தெரியும். ஆறு மாதம் பாலைவனத்தில் இருந்தவன் என்றால் சட்டை வெளுத்துக் கிட்டத்தட்ட வெள்ளையாகியிருக்க வேண்டும். பெல்ட்டை எடுத்த இடத்தில் மட்டும் பழைய காக்கி.

மீதி எல்லாம் சின்ன வேலை. தோல் முடிந்த பிறகு சட்டை, சட்டைக்குப் பிறகு வார், வாருக்குப் பிறகு துப்பாக்கி, உள்ளிருந்து வெளியே என்பதுதான் வரிசை. கறுப்பை அப்படியே பூசாமல் கொஞ்சம் சாம்பல் கலந்தால் பூட்ஸ் நிஜமாகத் தெரியும். கடைசியில் மேட் வார்னிஷ் ஒரு கோட், இல்லாவிட்டால் சிப்பாய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவன் மாதிரி மினுக்குவான். பூட்ஸில் கொஞ்சம் மணல் நிறப் பொடி. ஒரு மரக்கட்டையில் நிற்க வைத்தால் ஆயிற்று.

முதல் சிப்பாயைத் திரும்பப் பூச வேண்டும் என்ற ஆசை மூன்றாவது சிப்பாய் முடிந்தவுடன் வரும். பெயிண்டைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யாமல் இருப்பது நல்லது. அச்சுக் கோடு ஒன்று இடது காலில் விட்டுப் போயிருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்று காணாமல் போயிருக்கும். கண் ஒன்று நேரே பார்க்க, மற்றது கொஞ்சம் வடக்கே பார்க்கும். அலமாரியில் முன் வரிசையில் அவனை நிறுத்தி, பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் அவன் யார் என்று எழுதி வைக்கலாம். பெயர், படை, ஊர், வருஷம். மீதி மூன்று பேர் இன்னும் ஸ்ப்ரூவில்தான் தொங்குகிறார்கள், அவர்களுக்கும் அட்டை வெட்டி வைத்தாயிற்று.